பூனையின் ரத்த ரிப்போர்ட்டில் 'ஹெச்' என்று வந்தால்

எங்கள் செவலைக்கு ஒன்பது வயது. நோய் வருமுன் எடை ஆறே முக்கால் கிலோ. தூக்கினால் கை வலிக்கும். போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக ஆறு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது அவன் பீரோவுக்கு அடியில் சுருண்டு கிடந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது: எஸ்ஜிபிடி 348, ஆல்கலைன் பாஸ்படேஸ் 612, பிலிரூபின் 3.1. மூன்றும் ஈரலைப் பற்றிய எண்கள். மூன்றுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹெச்', அதாவது 'ஹை', இயல்பைவிட அதிகம். ஈரல் போய்விட்டது என்று முடிவு கட்டி அன்று இரவு முழுக்க அழுதேன். அந்த எண்களில் எது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

முதலில், அந்த 'ஹெச்' எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பல கால்நடை மருத்துவமனைகளில் சொந்த லேப் கிடையாது. டாக்டர் ரத்தத்தை எடுத்து, மனிதர்களுக்குச் சோதனை செய்யும் பக்கத்து லேப்புக்கு அனுப்பிவிடுவார். கருவி அளந்து சொல்லும் எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் எதிரே 'இயல்பான அளவு' என்று அச்சாகியிருப்பது மனிதர்களுக்கானது. மனிதர்களுக்கு எஸ்ஜிபிடி சுமார் 40 வரை இயல்பு. பூனைகளுக்கு 100, சில கால்நடை லேப்களில் 130 வரைகூட இயல்பு என்றே போடுகிறார்கள். 75 வந்த பூனைக்கு மனித லேப்பில் 'ஹெச்' விழும். பூனைக்கு ஒன்றும் இருக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். காமா ஜிடி என்ற இன்னொரு ஈரல் என்சைம் மனிதர்களுக்கு 50 வரை இருந்தாலும் பலரும் கவலைப்பட மாட்டார்கள். நலமாக இருக்கும் பூனைக்கு அது ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதே அரிது. அது 20 வந்தால் மனித லேப் ரிப்போர்ட்டில் எந்த அடையாளமும் இருக்காது, பூனையைத் தெரிந்த டாக்டர் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அதனால் ரிப்போர்ட்டை வாங்கியதும் "டாக்டர், இது பூனைக்கான அளவா, மனுஷங்களுக்கான அளவா?" என்று கேட்டுவிடுங்கள்.

பூனைக்கான அளவே என்றாலும், அது நலமான பூனைகளில் நடுவில் வரும் 95 விழுக்காட்டை வைத்துப் போட்ட வரம்பு. எந்த நோயும் இல்லாத சில பூனைகள் இயல்பாகவே அதற்கு வெளியே நிற்கும். திமிறுகிற பூனையிடம் ரத்தம் எடுக்கும்போது ரத்த அணுக்கள் குழாயிலேயே உடைந்தால் எஸ்ஜிஓடி என்ற என்சைம் ஏறிவிடும்; ஈரல் சோதனையில் அதையும் பார்ப்பார்கள். அந்த என்சைம் தசையிலும் இருக்கிறது என்பதால் அடிபட்டாலும் ஏறும். நன்றாகச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும் பூனைக்கு ஒரே ஒரு எண் கொஞ்சம் கூடியிருந்தால், இரண்டிலிருந்து நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். அது அலட்சியம் இல்லை.

சரி, எண்கள் என்ன சொல்கின்றன? எஸ்ஜிபிடி ஈரல் செல்லுக்குள் இருக்கும் என்சைம். செல்லின் சவ்வு அடிபட்டால் ரத்தத்தில் கசியும். குடத்தில் விரிசல் விட்டால் தரை நனைகிற மாதிரி. தரை ஈரமாக இருப்பதைப் பார்த்துக் குடம் கசிகிறது என்று சொல்லலாம். விரிசல் எதனால் வந்தது, குடம் இன்னும் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று சொல்ல முடியாது. எஸ்ஜிபிடி 1000 வந்த பூனை முழுக்கத் தேறியும் விடலாம். நாள்பட்டுச் சுருங்கிப்போன ஈரலில் கசிவதற்குச் செல்லே மிச்சமில்லாமல் எண் இயல்பாகவும் இருக்கலாம். ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை அறிய வேறு எண்களைப் பார்க்க வேண்டும்: ஆல்புமின், சர்க்கரை, யூரியா, ரத்தம் உறையும் நேரம், பித்த அமிலங்கள். என் கண் எஸ்ஜிபிடியிலேயே நின்றுவிட்டது. டாக்டர் பார்த்தது ஆல்கலைன் பாஸ்படேஸை.

நாய் வைத்திருக்கும் நண்பர்கள் "எங்க டாமிக்கும் அது 800 வந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் பூனைக்குப் பொருந்தாது. நாயின் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் பாதியாகக் குறைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். பூனையில் சில மணி நேரம்தான். ஸ்டீராய்டு மருந்தால் நாய்களுக்கு இந்த என்சைம் எகிறும்; ஸ்டீராய்டால் ஏறும் அந்த வகை என்சைம் பூனைகளிடம் இல்லை. ஆகவே வளர்ந்த பூனையின் ரத்தத்தில் இது கொஞ்சம் கூடியிருந்தாலும், பித்தநீர் போகும் வழியிலோ ஈரல் செல்லிலோ இப்போது, இந்த வாரம், ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் அர்த்தம். எலும்பு வளரும் வயதில் உள்ள குட்டிகளுக்கு மட்டும் இது இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

பிலிரூபின் என்பது நமக்குத் தெரிந்த மஞ்சள் காமாலைச் சமாசாரம். இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். டியூப்லைட்டில் தெரியாது, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய், காது மடலின் உள்பக்கத்தையும் ஈறையும் கண்ணின் வெள்ளையையும் பாருங்கள். செவலையின் காது எப்போதும் ரோஜா நிறத்தில் இருக்கும். அன்று மஞ்சள் தண்ணீரில் துவைத்து எடுத்த வெள்ளைத் துணி போல இருந்தது. சிறுநீரில் பிலிரூபின் தெரிந்தாலும் பூனைக்கு அது இயல்பே இல்லை. நாய்க்குக் கொஞ்சம் தெரிந்தால் விட்டுவிடுவார்கள், பூனைக்கு விடக் கூடாது.

டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "ரிப்போர்ட் இருக்கட்டும்மா. இவன் கடைசியா எப்ப ஒழுங்கா சாப்பிட்டான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் இல்லாத நாட்களில் சாப்பாடு வைத்த நாத்தனாருக்கு அங்கேயே போன் போட்டேன். "தட்டு தினமும் காலியாத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்ப அழைத்தாள். "அண்ணி, எதிர் வீட்டுக் கருப்புப் பூனை பால்கனி வழியா வந்து தின்னுட்டுப் போயிருக்கு. இப்பதான் பார்த்தேன்." நாங்கள் கிளம்பிய அன்றிலிருந்து செவலை ஒரு வாயும் சாப்பிடவில்லை.

குண்டாக இருக்கும் பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் அதன் ஈரலே கொழுப்பால் நிரம்பிவிடும். ஹெபாட்டிக் லிப்பிடோசிஸ் என்பார்கள். கொழுப்பு ஈரல் என்றே நாமும் சொல்லலாம். பூனைகளுக்கு வரும் ஈரல் நோய்களில் மிகப் பரவலானவற்றில் இது ஒன்று. சாப்பாடு வராவிட்டால் உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பை உடைத்து ஈரலுக்கு அனுப்பும். அந்தக் கொழுப்பை எரிக்கவும் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பவும் ஈரலுக்குப் புரதம் வேண்டும். பூனையோ மாமிசத்தாலேயே வாழும்படி படைக்கப்பட்ட உயிர். நாமும் நாயும் பட்டினி கிடந்தால் உடம்பு புரதச் செலவைச் சுருக்கிக்கொள்ளும். பூனையின் உடம்புக்கு அப்படிச் சுருக்கத் தெரியாது, செலவு நடந்துகொண்டே இருக்கும். வந்த கொழுப்பு ஈரலிலேயே தேங்கும். செல்கள் வீங்கும், பித்தநீர் போகும் மெல்லிய வழிகள் நசுங்கும், காமாலை வரும். காமாலையால் குமட்டல், குமட்டலால் இன்னும் சாப்பாடு வேண்டாம். அந்தச் சுழலில் விட்டுவிட்டால் பூனை பிழைக்காது. ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏகமாக ஏறி, காமா ஜிடி மட்டும் சும்மா இருந்தால் டாக்டருக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும். செவலைக்கு அது வெறும் 3.

பூனை சாப்பிடாமல் போக அடியில் வேறு ஒரு நோயும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. கணைய வீக்கம், குடல் வீக்கம், பல்வலி, புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம். எங்களுக்கு நேர்ந்தது போலப் பிரிவும் பயமும் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு. எப்படியிருந்தாலும் மருந்து ஒன்றுதான்: சாப்பாடு. அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வைத்தியம். விடாமல் ஊட்டி, கூட இருக்கும் கோளாறுகளையும் கவனித்தால் நூற்றுக்கு எண்பது பூனைகள் போலப் பிழைத்துவிடுகின்றன. இந்த ஒரு விவரம் அன்று இரவு எனக்குத் தெரிந்திருந்தால் அழுவதற்குப் பதிலாக அப்போதே ஆட்டோ பிடித்திருப்பேன்.

ஆனால் எல்லா 'ஹெச்'சும் கொழுப்பு ஈரல் ஆகாது. வயதான பூனை அகோரமாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், எஸ்ஜிபிடி கூடியிருந்தால் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனைகளுக்கு வரும் இந்த நோயை 1979இல்தான் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். இன்று மூத்த பூனைகளில் சாதாரணமாகப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனை அளக்கும் டி4 என்ற ஒரே சோதனை பெரும்பாலும் போதும். அங்கே ஈரல் பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும், தைராய்டு அடங்கினால் எண்ணும் இறங்கும். விட்டு விட்டு வாந்தி எடுக்கும் பூனைக்குப் பித்தநாள அழற்சி இருக்கலாம். பூனைக்குப் பித்தநாளமும் கணையநாளமும் குடலில் சேருமுன் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஓரிடத்தில் கிளம்பிய வீக்கம் ஈரல், கணையம், குடல் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கலாம். கிருமியால் வந்ததற்கு ஆன்டிபயாடிக், எதிர்ப்புச் சக்தியின் கோளாறால் வந்ததற்கு ஸ்டீராய்டு என்று வைத்தியம் மாறும். அதனால்தான் டாக்டர்கள் ஊசியால் செல் எடுத்துப் பார்க்கக் கேட்கிறார்கள். காமாலை வந்த பூனைக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் உடனே பார்க்க வேண்டும். ரத்த ஒட்டுண்ணியால் சிவப்பணு உடைந்தாலும் இதே மஞ்சள்தான் தெரியும். அங்கே குற்றவாளி ஈரல் இல்லை. இளம் பூனைக்குக் காய்ச்சலும் வயிற்றில் நீரும் காமாலையும் சேர்ந்து வந்தால் எஃப்ஐபி என்ற வைரஸ் நோயைச் சந்தேகிப்பார்கள். சில வருடங்களுக்கு முன்புவரை அதற்கு மருந்தே இல்லை. இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தால், வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் கொடுத்து, குணப்படுத்துகிறார்கள்.

மருந்தும் ஈரலைக் கெடுக்கும். நம் ஊரில் பெர்ஷியன் பூனை வளர்ப்பவர்களுக்குப் படர்தாமரை பழகிய தொல்லை. அதற்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் சில பூனைகளின் எஸ்ஜிபிடியை ஏற்றிவிடும். அப்போது மருந்தை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்று டாக்டர் சொல்வார். கடையில் கேட்டு நாமே வாங்கி வாரக்கணக்கில் கொடுத்தால் இதைக் கவனிக்க ஆள் இருக்காது. அடுத்தது பாராசிட்டமால். உடம்பு சுடுகிறதே என்று பாசத்தோடு பாதி மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நம் உடம்பு இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் முக்கியமான வழி பூனையிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராமே விஷமானது உண்டு; நான்கு கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். நாம் போடும் மாத்திரையோ 500 அல்லது 650. ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். முறிவு மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன். மணிக்கணக்கில் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்லி விழுந்த சாப்பாடு விஷம் என்று நம் வீடுகளில் கொட்டிவிடுவார்கள். உண்மையில் சுவர்ப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதைத் தின்னும் பூனைக்கு வேறு வழியில் ஆபத்து வரலாம். பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழு வெப்ப நாடுகளில் பூனையின் பித்தப்பையிலும் பித்தநாளத்திலும் வாழ்கிறது. சில மில்லிமீட்டர் நீளம். அதன் முட்டை பூனையின் மலத்தோடு வெளியேறி, மண்ணில் ஊரும் நத்தைக்குள் போய், அங்கிருந்து கல்லுக்கு அடியில் இருக்கும் சின்னப் பூச்சிகளுக்குள் போய், பூச்சியைத் தின்ற பல்லிக்குள் காத்திருக்கும். பல்லியைப் பூனை தின்றதும் மறுபடி பித்தநாளத்துக்கு ஏறிவிடும். ஒன்றிரண்டு புழுவால் வெளியே எதுவும் தெரியாது. நிறைய சேர்ந்தால் வாந்தி, மெலிவு, காமாலை எல்லாம் வரும். வெளிநாட்டு டாக்டர்களே இதைப் 'பல்லி நஞ்சு' என்று அழைப்பது உண்டு. பிராசிக்வான்டெல்லால் சரியாகும், ஆனால் வழக்கமான பூச்சி மாத்திரை அளவு இதற்குப் போதாது. உங்கள் பூனை பல்லி பிடிக்கும் என்றால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஆகும் செலவை நினைத்துத் தயங்குவது நியாயம்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. "அடுத்ததா எது செஞ்சா வைத்தியம் மாறும்?" என்று டாக்டரிடம் கேட்டால் வரிசை தானாகக் கிடைக்கும். காமாலை கண்ணுக்கே தெரியும்போது பித்த அமிலச் சோதனைக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் வீண். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அப்படி இல்லை, பித்தநாளம் அடைத்திருக்கிறதா என்று அது காட்டிவிடும். ஊசி போட்டு ஈரல் செல் எடுக்குமுன் ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பார்கள், வைட்டமின் கே ஊசியும் போடுவார்கள். தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாவிட்டால் சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1903இல் தொடங்கியது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அடுப்படியில் நாம் செய்யும் தவறுகளும் உண்டு. காமாலை என்றதும் நம் கை கீழாநெல்லிக்குப் போகும், சாப்பாட்டைத் தயிர் சாதமாக்கும். மனிதர்களுக்கு அது சரியோ தவறோ, பூனைக்குத் தயிர் சாதம் பட்டினிக்குச் சமம். பூனைக்கு ஆர்ஜினின் என்ற புரதக்கூறு ஒவ்வொரு வேளையும் வேண்டும். அது இல்லாத ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டாலேயே சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும். ஈரல் நோய் வந்த பூனைக்கும் மீனும் கோழியும்தான் சாப்பாடு. அம்மோனியா மூளையைத் தாக்கியதற்கான அறிகுறி இருந்தால் மட்டுமே புரதத்தைக் குறைப்பார்கள். எச்சில் ஒழுகுவது, வெறித்துப் பார்ப்பது, சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது எல்லாம் அந்த அறிகுறிகள். குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கிறேன் என்றும் ஆரம்பிக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மூலிகை மருந்து எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கசப்பான கஷாயத்தை வாயில் ஊற்றினால் மிச்சமிருக்கும் பசியும் போய்விடும்.

வற்புறுத்தி ஊட்டுவதிலும் இதே சிக்கல்தான். குமட்டலோடு இருக்கும் பூனையின் வாயில் சிரிஞ்சால் திணித்தால் அந்தச் சாப்பாட்டையே அது வெறுத்துவிடும், புரை ஏறி நுரையீரலுக்கும் போகலாம். செவலைக்கு மூன்றாம் நாள் டியூப் போட்டார்கள். கழுத்தின் இடது பக்கம் சின்னத் துளை, அதன் வழியாக உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய், சுற்றிலும் துணிக்கட்டு. பார்க்கப் பயமாக இருந்தது. இரண்டாம் நாளே அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரிந்தது. மருந்துக்காக வாயைப் பிளக்க வேண்டாம், அவனும் என்னைக் கண்டால் ஓடவில்லை. முதல் நாள் தேவையில் கால் பங்குதான் கொடுக்கச் சொன்னார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் ஒரேயடியாகச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்துவிடும். பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டால் உடனே போன் செய்யச் சொன்னார் டாக்டர். அதனால் முதல் சில நாள் மறுபடி மறுபடி ரத்தம் பார்த்தார்கள்.

கோழியும் டின் உணவும் மிக்சியில் அரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, உள்ளங்கை பொறுக்கும் சூட்டில் வைத்துக்கொள்வேன். முதலில் 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அவசரப்படாமல் பத்து பதினைந்து நிமிடம், கடைசியில் மறுபடி தண்ணீர். தண்ணீர் விட மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம். ஒரு நாற்பது பக்க நோட்டில் மணி, மில்லி, வாந்தி, சிறுநீர், எடை என்று கோடு போட்டு எழுதினேன். என்னைத் தூக்கி நிறுத்தியது அந்த நோட்டுதான். நான் ஊருக்குப் போயிருக்கக் கூடாது என்று மனம் குத்தும் நேரத்தில் அடுத்த வேளைக்கு எத்தனை மில்லி என்று எழுத வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் பிலிரூபின் 1.3. முதல் ஏழு முதல் பத்து நாளில் அது பாதியாக இறங்கினால் நல்ல அடையாளம் என்று டாக்டர் சொன்னார். என்சைம்கள் அப்போதும் உயரத்தில்தான் இருந்தன. அவை இறங்க இன்னும் பல வாரம் ஆனது.

டியூபோடு ஐந்து வாரம். ஒரு தட்டில் மத்தி மீனை வேகவைத்து உதிர்த்து அவன் பக்கத்தில் தினமும் வைப்பேன், தொட மாட்டான். இருபத்தாறாம் நாள் நக்கினான். தானாகச் சாப்பிட்டு எடை குறையாமல் நின்ற பிறகே டியூபை எடுத்தார்கள். துளையைத் தைக்கவில்லை, சில நாளில் தானாக மூடிக்கொண்டது. இப்போது எடை 5.2 கிலோ, போன மாத எஸ்ஜிபிடி 61. மனித லேப் ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு 'ஹெச்' விழுந்திருந்தது.

போன வாரம் இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு நாத்தனார் வீடியோ அனுப்பினாள். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. தட்டுக்கு முன்னால் செவலை குனிந்திருந்தான். "பாருங்க அண்ணி, உங்க புள்ளதான் தின்னுது" என்று பின்னால் அவள் குரல் கேட்டது.